முதல் வருட ஆசிரியர்களுக்கு ஒரு விருது: யார் பெயர் கொடுப்பது, எதைப் பார்த்துக் கொடுப்பது?

பதிவு 1 · வெண்கட்டி (கொட்டாஞ்சேனை)

வணக்கம் எல்லாருக்கும்.

நாங்கள் ஏழெட்டுப் பேர், ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு வருடமாகக் கொழும்பு வடக்கில் சில தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்கு அப்பியாசக் கொப்பி, சப்பாத்து, நூலகத்துக்குப் புத்தகம் என்று முடிந்ததைச் செய்துவருகிறோம். இந்த முறை ஆசிரியர் தினத்துக்கு வேறொரு யோசனை. கற்பிக்கத் தொடங்கி முதல் வருடத்தில் இருக்கும் ஆசிரியர்களில் மூன்று பேரைத் தெரிந்தெடுத்து, ஒக்டோபர் 6ஆம் திகதி கௌரவிக்க வேண்டும்.

ஏன் முதல் வருடம்? நீண்டகாலம் சேவை செய்தவர்களைப் பாராட்ட வழி இருக்கிறது. கல்வி அமைச்சின் குரு பிரதீபா பிரபா விருது இருக்கிறது. ஓய்வு பெறும்போது பிரியாவிடை, பொன்னாடை, மலர் வெளியீடு எல்லாம் நடக்கிறது. அவர்கள் அதற்கு உரியவர்கள்தான். ஆனால் 23, 24 வயதில் வந்து, கை நடுங்கக் கரும்பலகையில் முதல் வசனத்தை எழுதி, அந்த வருடம் முடிவதற்குள் ஒரு வகுப்பையே வாசிக்க வைத்த பிள்ளைக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் நிற்பதா, வங்கிப் பரீட்சை எழுதுவதா என்று அவர்கள் யோசிக்கிற வருடமும் அதுதான். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் 1998இல் தொடங்கிய தேசிய கற்பித்தல் விருதுகளில் புதிய ஆசிரியருக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. சிங்கப்பூரிலும் 35 வயதுக்கு மேற்படாத இளம் ஆசிரியர்களுக்கு விருது கொடுக்கிறார்கள். எங்களால் ஏலக்கூடியது மிகச் சிறியது. ஆனாலும் சரியாகச் செய்ய விருப்பம்.

கேள்வி மூன்று. விருதுக்கு ஓர் ஆசிரியரின் பெயரைக் கொடுக்கும் உரிமை யாருக்கு? எதை ஆதாரமாகக் கேட்பது? தெரிவு செய்வது யார்? எங்களில் ஒருவரும் ஆசிரியர் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.


பதிவு 2 · இரண்டு பிள்ளைகளின் அம்மா (மட்டக்குளி)

பெற்றோருக்குக் கட்டாயம் இடம் கொடுங்க. எங்க வீட்டுல நடந்தத சொல்றேன்.

என்ட மகன் ரெண்டாம் வகுப்பு. போன வருஷம் முழுக்க எழுத்து கூட்டவே மாட்டான். வீட்டுல சிங்களமும் தமிழும் கலந்துதான் நாங்க பேசுறது, அதுனாலயோ தெரியாது. இந்த வருஷம் புதுசா ஒரு மிஸ் வந்தாங்க. ரெண்டாவது கிழமையே என்ன வரச்சொன்னாங்க. குறை சொல்லத்தான் கூப்பிடுறாங்கன்னு பயந்துகிட்டே போனேன். மிஸ் கேட்டது ஒண்டே ஒண்டுதான்: "மகன் வீட்டுல எதப் பத்தி நிறுத்தாமப் பேசுவான்?"

பஸ் பத்திதான்னு சொன்னேன். எந்த நம்பர் எங்க போகும்னு எல்லாம் மனப்பாடம். அடுத்த நாள்ல இருந்து மிஸ் மட்டைத் துண்டுகள்ல பஸ் போர்ட் மாதிரியே எழுதிக் குடுத்தாங்க. 100 பாணந்துறை. 138 மகரகம. நம்பர் அவனுக்குத் தெரியும், அதனால பெயரை அவனே கண்டுபிடிச்சு வாசிச்சான். இப்ப ரோட்டுல எந்த பஸ் போனாலும் முன்னால இருக்கிற தமிழ் எழுத்த சத்தமா வாசிக்கிறான். பஸ்ஸுல இருக்கிற ஆக்கள் திரும்பிப் பாக்குறாங்க.

இது எந்த மார்க்ஸ் ஷீட்லயும் வராது. அதிபருக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.


பதிவு 3 · பின்வாங்கு (தெகிவளை)

வெண்கட்டி தம்பிக்கு,

நல்ல எண்ணம். நான் கணித பாட ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ வகுப்பறைகளின் பின்வாங்கில் இருந்து பாடம் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சில விஷயங்களைச் சொல்லவேண்டும்.

பரீட்சைப் பெறுபேற்றை இதற்குள் கொண்டுவராதீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பையோ சாதாரண தர வகுப்பையோ புதிதாய் வந்தவரின் கையில் கொடுக்கும் பாடசாலை அருமை. அவருக்குக் கிடைப்பது 6, 7, 8. அதிலும் மற்றவர்கள் எடுக்கத் தயங்குகிற பிரிவு. அதோடு கொழும்பில் பிள்ளை பின்னேரமானால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ரியூசன் வகுப்பில் இருக்கிறது. ஒரு புள்ளியில் யாருடைய பங்கு எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடுபடுகிற ஆசிரியர்தான் இதில் கடைசியில் நிற்பார். பெறுபேற்றைப் பார்த்தால் நீங்கள் தேடுகிற ஆளையே தவறவிடுவீர்கள்.

கோப்புகளைப் பார்த்தும் மயங்கவேண்டாம். பாடக்குறிப்பு, பதிவுப் புத்தகம், கணிப்பீட்டுத் தாள் எல்லாம் நான்கு நிறப் பேனையால் கோடு போட்டு அழகாக இருக்கும். அது ஒழுங்கைக் காட்டும், கற்பித்தலைக் காட்டாது.

பிறகு எதைப் பார்ப்பது? நான் பார்த்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். தரம் 6, பின்னங்களை ஒப்பிடல். ஆசிரியை வந்து ஐந்து மாதம் இருக்கும். அரை பெரிதா கால் பெரிதா என்று கேட்டாள். என் பக்கத்தில் இருந்த பொடியன் "கால்" என்றான். ஏன் என்றாள். "ரெண்டை விட நாலு பெரிசு டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. பிழை என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த ஆசிரியை வகுப்பின் சிரிப்பை அடக்கிவிட்டுச் சொன்னாள்: "நாலு பெரிசு எண்டு அவர் சொன்னது சரிதானே. அந்த நாலு எங்க நிக்குது எண்டு பாப்பம்."

பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள்: "கடையில அரை றாத்தல் பாண் வாங்கினா வீட்டில எத்தனை பேருக்குக் காணும்? கால் றாத்தல் வாங்கினா?"

அவன் யோசித்தான். பத்து விநாடி இருக்கும், கூடவும் இருக்கலாம். அவள் வாயே திறக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் கை தூக்கியபோதும் கண்ணாலேயே பொறுக்கச் சொன்னாள். கடைசியில் அவனே சொன்னான்: "நாலாப் பிரிக்கிறபடியா சின்னனாப் போகுது."

அந்தப் பத்து விநாடிப் பொறுமை பலருக்கு இருபது வருடத்திலும் வருவதில்லை. பிழையான விடை வந்தபோது இவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். உங்களுடைய படிவத்தில் ஒரேயொரு கேள்விதான் இருக்கலாம் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.


பதிவு 4 · பத்தனையில் படித்தவன் (வத்தளை)

முதல் வருடம் என்றால் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் அண்ணா. இது சின்ன விஷயம் இல்லை.

நாங்க கல்வியியற் கல்லூரியில இரண்டு வருடம் விடுதியில தங்கிப் படிக்கிறோம். மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில கட்டுறு பயிலுனராக நிற்கிறோம். அதுக்குப் பிறகுதான் டிப்ளோமா, நியமனம் எல்லாம். அப்போ என்னுடைய முதல் வருடம் எது? பயிலுனரா நின்ற வருடமா, நியமனக் கடிதம் கிடைத்த வருடமா? பட்டதாரி ஆசிரியர்கள் பலர் எந்தக் கற்பித்தல் பயிற்சியும் இல்லாமல் நேரே வகுப்புக்குள் வருகிறார்கள். கல்வி டிப்ளோமாவைப் பிறகுதான் செய்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தால் நியாயமாக இருக்காது.


பதிவு 5 · கடலோரம் (முகத்துவாரம்)

மேலே தம்பி சொன்னதோடு இன்னொன்று. வடக்கு கிழக்கில் பல வருடம் தொண்டர் ஆசிரியராக நின்று பிறகு நிரந்தர நியமனம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மலையகத்தில் ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் மாதம் 6,000 ரூபாய்க் கொடுப்பனவில் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தைப் பார்த்தால் முதல் வருடம், வகுப்பறையைப் பார்த்தால் ஏழாவது வருடம். அவர்கள் கொழும்புக்கு வந்து ஒரு 24 வயதுப் பிள்ளையோடு போட்டியிட்டால் இரண்டு பேருக்கும் அநீதி.


பதிவு 6 · வெண்கட்டி (கொட்டாஞ்சேனை)

நன்றி. நியமனக் கடிதத்தின் திகதி போதும் என்றுதான் நினைத்திருந்தோம். இப்போது தெரிகிறது, போதாது என்று.

இப்படி வைத்தால் சரியா? சம்பளம், கொடுப்பனவு, தொண்டு எதுவானாலும், ஒரு வகுப்புக்குப் பொறுப்பாக நின்று கற்பித்த காலம் மொத்தம் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாதவர். கல்வியியற் கல்லூரி பயிலுனர் வருடத்தை இதில் சேர்க்க மாட்டோம், ஏனென்றால் அது பயிற்சியின் பகுதி. பெயர் கொடுப்பவர், அந்த ஆசிரியர் பட்டதாரியா டிப்ளோமாவா என்று குறிப்பிட வேண்டும், தெரிவுக்காக வாசிப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்வார்கள்.


பதிவு 7 · கணக்கு மிஸ் (வெள்ளவத்தை)

நான் முதல் வருட ஆசிரியை. ஒன்பதாவது மாதம். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

இந்த இழையை வாசித்ததும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். எங்கள் பாடசாலையில் சென்ற தவணை ஒரு கூட்டத்தில், புதிதாக வந்தவர்களில் என் பெயரை மட்டும் சொல்லிப் பாராட்டினார்கள். பாராட்டியவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அடுத்த நாளில் இருந்து ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகிவிட்டது. வராத ஆசிரியருக்குப் பதிலாக ரிலீஃப் பாடவேளை போடும்போது, "கெட்டிக்காரியைப் போடுங்கோ" என்று சொல்லி எனக்கே வரத் தொடங்கியது. என்னோடு ஒரே நாளில் வந்த இன்னொருவர் இருக்கிறார். என்னைவிடக் கஷ்டமான வகுப்பு அவருடையது. அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு முன்புபோலக் கதைப்பதில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட வலித்தது.

விருது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரைத் தூக்கிக் காட்டும்போது அவர் நாளைக்குத் திரும்பப் போய் இருக்கவேண்டிய அறையையும் யோசியுங்கள்.


பதிவு 8 · நாவல வீதி (நுகேகொட)

நான் எதிர்த்தரப்பில் நிற்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கல்வி டிப்ளோமா வகுப்பில் பிரான்சிஸ் ஃபுல்லர் என்ற ஆய்வாளர் 1969இலும் அதற்குப் பிறகும் எழுதியதைப் படித்தோம். புதிய ஆசிரியருக்கு முதலில் இருக்கும் கவலை தன்னைப் பற்றியது: என்னால் இந்த வகுப்பில் தாக்குப்பிடிக்க முடியுமா, என்னை மதிப்பார்களா என்று. பிறகுதான் கற்பிக்கும் வேலையைப் பற்றிய கவலை. பிள்ளைகள் உண்மையில் என்ன கற்றார்கள் என்ற கவலை அதற்கும் பிறகு. இது பலவீனம் இல்லை, வளர்ச்சியின் ஒழுங்கு. அப்படியிருக்க, முதல் படியில் நிற்பவர்களை நிரைப்படுத்தி யார் சிறந்தவர் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிலர் மெதுவாக வருவார்கள். முதல் வருடம் தடுமாறி ஐந்தாவது வருடத்தில் அருமையான ஆசிரியராக நின்ற பலரை நாங்கள் எல்லாரும் அறிவோம்.

இங்கிலாந்தைச் சொன்னீர்கள். அங்கே விருது மட்டும் இல்லை. 2021 செப்டெம்பரில் இருந்து புதிய ஆசிரியருக்கு இரண்டு வருட அறிமுகக் காலம். முதல் வருடம் பாடவேளையில் 10 சதவீதம் குறைப்பு, இரண்டாம் வருடம் 5 சதவீதம். ஒரு வழிகாட்டி ஆசிரியரும் உண்டு. இங்கே மூன்று வருடத் தகுதிகாண் காலம் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வருடத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அந்தந்தப் பாடசாலையின் அதிர்ஷ்டம். உங்களிடம் இருக்கும் காசை ஒரு வழிகாட்டித் திட்டத்துக்குப் போடுங்கள். மூன்று பேருக்குக் கேடயம் கொடுப்பதை விட முப்பது பேருக்கு ஒரு மூத்தவரின் தோள் கிடைக்கட்டும்.


பதிவு 9 · பின்வாங்கு (தெகிவளை)

நாவல வீதி சொல்வதில் உண்மை இருக்கிறது. நிரைப்படுத்தும் விருதாக இருந்தால் நானும் எதிர்ப்பேன். ஆனால் வழிகாட்டித் திட்டம் வரும் வரைக்கும் ஒருவரையும் பார்த்து நன்று என்று சொல்லக்கூடாது என்பதை ஏற்க முடியாது. அது வரும்போது இன்றைக்கு வகுப்பில் நிற்கிற புதியவர்கள் தொழிலை விட்டுப்போயிருப்பார்கள்.


பதிவு 10 · அலுவலக அறை (கொழும்பு 13)

நான் ஒரு மாகாணப் பாடசாலையின் அதிபர். நடைமுறை விஷயங்கள் சிலவற்றைக் கூறுகிறேன்.

பாடசாலைக்குள் வந்து வகுப்பைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். தேசிய பாடசாலைகள் நேரே அமைச்சின் கீழ் வருவதால் அங்கே நடைமுறை வேறு. அனுமதி இல்லாமல் எந்த அதிபரும் உங்களை உள்ளே விட இயலாது, விடவும் கூடாது. பணப்பரிசைத் தவிருங்கள். புத்தகம், கற்றல் உபகரணம் என்றால் யாருக்கும் சங்கடம் இல்லை.

அதிபர் பரிந்துரையை மட்டும் நம்பவேண்டாம் என்பதை ஓர் அதிபராகவே சொல்கிறேன். என்னிடம் இந்த வருடம் புதியவர்கள் இருவர். ஒருவரை எழுதினால் மற்றவரின் முகத்தை நான் தினமும் காலை 7.30க்குப் பார்க்கவேண்டும். அதனால் பல அதிபர்கள் யாரையும் எழுதமாட்டார்கள், அல்லது யாருக்கும் சிக்கலில்லாத பெயரை எழுதுவார்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லவேண்டும். பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் நான் இதுவரை ஆசிரியர்களைப் பற்றி எழுதியவற்றை இந்த இழையை வாசித்த பிறகு புரட்டிப் பார்த்தேன். தாமத வருகை, வரவு இடாப்பு குறிக்காதது, பெற்றோர் முறைப்பாடு. எல்லாம் எழுதவேண்டியவைதான். ஆனால் புதிய ஆசிரியர் ஒருவர் நன்றாகச் செய்தார் என்று நான் எழுதிய ஒரு வரியும் அதில் இல்லை. பார்த்திருக்கிறேன், வாயால் சொல்லியும் இருக்கிறேன். எழுதவில்லை.


பதிவு 11 · களனிவெளி (அவிசாவளை)

கொழும்பு என்று சொன்னால் கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தை வரைக்கும்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் தோட்டப் பாடசாலைகளும் கொழும்பு மாவட்டம்தான். புதிய ஆசிரியர்கள் முதல் நியமனத்தில் பெரிய நகரப் பாடசாலைகளுக்கு வருவது குறைவு, எங்களைப் போன்ற இடங்களுக்குத்தான் வருவார்கள். விடிய எழும்பி ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து, பஸ் போகாத இடத்தில் மூன்று கிலோமீட்டர் நடந்து வகுப்புக்கு வருகிற ஒரு சேரை எனக்குத் தெரியும். நகரத்துக்குள் மட்டும் தேடினால் அவர்களைக் காணமாட்டீர்கள். தயவுசெய்து மாவட்டம் முழுவதற்கும் திறந்து விடுங்கள்.


பதிவு 12 · வெண்கட்டி (கொட்டாஞ்சேனை)

மாவட்டம் முழுவதற்கும் திறக்கிறோம். அது எங்கள் பிழை, திருத்திக்கொள்கிறோம்.

நேற்று இரவு நண்பர்களோடு இருந்து ஒரு படிவத்தின் முதல் வரைவை எழுதினோம். ஒரு பக்கம் மட்டும். பெயர் கொடுப்பவர் அதே பாடசாலையின் பெற்றோர், சக ஆசிரியர், அதிபர், உயர்தர மாணவர் யாராகவும் இருக்கலாம். தன் பெயரைத் தானே கொடுக்க முடியாது. உறவினர் கொடுக்க முடியாது. கேள்விகள்:

நீங்கள் உங்கள் கண்ணால் கண்ட ஒரு நாளையோ ஒரு பாடத்தையோ சொல்லுங்கள்.

ஒரு பிள்ளைக்கு விளங்காமல் போனபோது இவர் என்ன செய்தார்?

இந்த வருடத்தில் இவருக்குக் கைகொடுத்த மூத்த ஆசிரியர் யாராவது உண்டா?

மூன்றாவது கேள்வி நாவல வீதி எழுதியதால் வந்தது. அந்த மூத்தவரையும் மேடைக்கு அழைக்க விரும்புகிறோம். வழிகாட்டித் திட்டம் தொடங்கும் வலு இன்று எங்களுக்கு இல்லை. ஆனால் இரண்டு மூன்று வருடம் இந்தப் பதில்களைச் சேர்த்தால், யார் உண்மையில் வழிகாட்டுகிறார்கள் என்ற பட்டியல் எங்கள் கையில் இருக்கும். அதில் இருந்து தொடங்கலாம்.

'கடின உழைப்பாளி', 'அர்ப்பணிப்பு மிக்கவர்', 'எல்லாரோடும் அன்பாகப் பழகுபவர்' போன்ற சொற்களுக்குப் புள்ளி இல்லை என்று படிவத்திலேயே எழுதப் போகிறோம். அது எந்த ஆசிரியருக்கும் எழுதக்கூடியது. நடந்ததை எழுதுங்கள் என்று கேட்போம்.

வாசிப்பவர்கள் மூன்று பேர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பாடசாலைப் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மறைத்துத்தான் அவர்களிடம் கொடுப்போம்.


பதிவு 13 · இரண்டு பிள்ளைகளின் அம்மா (மட்டக்குளி)

நல்லா இருக்கு தம்பி. ஆனா ஒண்டு. எங்க தோட்டத்துல, அதான் நாங்க இருக்கிற லயின்ல, பாதிப் பேருக்கு இப்படி ஒரு பக்கம் எழுத வராது. நானே இத எழுத ஒரு மணித்தியாலம் எடுத்தேன். வக்கீல் வீட்டுப் பிள்ளை படிக்கிற ஸ்கூல்ல இருந்து வார கடிதம் அழகா இருக்கும். எங்க ஆக்கள் எழுதினா ரெண்டு வரி. வாசிக்கிறவங்க எதுக்குப் புள்ளி போடுவாங்க?


பதிவு 14 · பின்வாங்கு (தெகிவளை)

அம்மா, நீங்கள் இரண்டாவது பதிவில் எழுதியதைப் போல ஒரு கடிதம் வந்தால் நான் வேறு எதையும் வாசிக்கமாட்டேன்.

ஆனால் உங்கள் கேள்வி சரியானது. வெண்கட்டி, குரல் பதிவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் பேசி அனுப்பட்டும். உங்களில் ஒருவர் அதைச் சொன்னது சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும், திருத்தக்கூடாது. எழுத்தாக வந்த கடிதங்களும் இதுவும் ஒரே மாதிரித் தட்டச்சில் வாசிப்பவர்களிடம் போகட்டும்.


பதிவு 15 · கணக்கு மிஸ் (வெள்ளவத்தை)

திரும்ப எழுதுவதற்கு மன்னிக்கவும். படிவத்தின் முதல் கேள்வியைப் பார்த்ததும் ஒரு விஷயம் நினைவு வந்தது. இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

நான் வந்து இரண்டாவது மாதம். 7ஆம் தரத்தில் ஒரு பிரிவு. நான் பேசுவதே யாருக்கும் கேட்காது, அவ்வளவு சத்தம். ஒரு நாள் நடுப்பாடத்தில் வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன். அந்தக் கிழமையே விட்டுவிடுவது என்று முடிவெடுத்து, வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வரவு இடாப்பைத் திறந்தபோது உள்ளே ஒரு துண்டுத்தாள். பெயர் இல்லை. ஆனால் எழுத்து யாருடையது என்று தெரியும், அடுத்த வகுப்பில் விஞ்ஞானம் எடுக்கிற மூத்த ரீச்சர். அவர் என்னோடு அதுவரை நாலு வசனம்கூடப் பேசியதில்லை. அதில் இப்படி இருந்தது: "இண்டைக்கு இடைவேளைக்கு உம்முடைய பிள்ளைகள் ஆறு பேர் வெளியே போகாமல் நீர் கொடுத்த கணக்கைச் செய்துகொண்டு இருந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன்."

அவ்வளவுதான். நல்ல ஆசிரியர் என்று எழுதவில்லை. கவலைப்படாதே என்று எழுதவில்லை. ஆறு பேர் என்று எண்ணி எழுதியிருந்தார். அந்த ஆறு பேர் யார் என்று கண்டுபிடிக்கத் திங்கட்கிழமை போனேன். இப்போது ஒன்பதாவது மாதம். அந்தத் தாள் என் பதிவுப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் இருக்கிறது.

கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டியதை நான் மறக்க விரும்புகிறேன். இந்தத் தாளைத் தொலைத்தால் என்னால் தாங்க முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் குழு யோசிக்கவேண்டும்.


பதிவு 16 · நாவல வீதி (நுகேகொட)

வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

நான் என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் மாற்றுகிறேன். மூன்று பேருக்கு விருது கொடுங்கள். ஆனால் பெயர் கொடுக்கப்பட்ட எல்லா ஆசிரியர்களுக்கும் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட கடிதம் போய்ச் சேரவேண்டும். வெற்றி பெறாதவர்களுக்கும். நாற்பது பெயர் வந்தால் நாற்பது கடிதம். அதை முத்திரையிட்ட உறையில் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். எழுதியவர் தன் பெயரை வெளியிட விரும்பாவிட்டால் மறைத்து அனுப்பலாம்.

ஒக்டோபர் வரை காத்திருக்கவும் வேண்டாம். எலன் மோயர் என்பவர் முதல் வருட ஆசிரியரின் மனநிலை எப்படிப் போகும் என்று எழுதியிருக்கிறார்: முதலில் எதிர்பார்ப்பு, பிறகு தாக்குப்பிடித்தல், பிறகு மனச்சோர்வு, அதற்குப் பிறகுதான் மீள்எழுச்சி. மூன்றாவது கட்டத்தில் இருப்பவருக்கு வருடக் கடைசியில் வரும் பாராட்டு பிந்திப் போகும். கடிதம் வந்த கிழமையே அனுப்பிவிடுங்கள். தெரிவு பிறகு நடக்கட்டும்.


பதிவு 17 · அலுவலக அறை (கொழும்பு 13)

இதற்கு என் முழுச் சம்மதம். பாடசாலை முகவரிக்கு வந்தால் என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் வீட்டுக்கு அனுப்புவது நல்லது.

என் பாடசாலையின் இரு புதியவர்களைப் பற்றியும் இன்று சம்பவத்திரட்டில் ஒவ்வொரு பந்தி எழுதினேன். கண்டதை, திகதி போட்டு. இருவரையும் தனித்தனியே அழைத்து வாசித்துக் கையொப்பமிடச் சொன்னேன். சம்பவத்திரட்டு என்றதும் இருவரும் பயந்துகொண்டுதான் வந்தார்கள்.


பதிவு 18 · பத்தனையில் படித்தவன் (வத்தளை)

சேர், உங்க பாடசாலையில வெற்றிடம் இருந்தா சொல்லுங்க. உண்மையாத்தான் கேட்கிறேன்.


பதிவு 19 · வெண்கட்டி (கொட்டாஞ்சேனை)

முடிவை எழுதுகிறேன். குழுவில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கடிதம், குரல் பதிவு இரண்டும் ஏற்கப்படும். வந்த கிழமையே ஒரு பிரதி அந்த ஆசிரியரின் வீட்டுக்குப் போகும். ஒரே பாடசாலையில் இருந்து இரண்டு பேரின் பெயர் வந்தால் இரண்டு பேருக்கும் போகும். மூன்று பேரின் தெரிவு செப்டெம்பரில். வகுப்பறைப் பார்வைக்கு வலயத்திடம் அனுமதி கேட்டு எழுதுகிறோம். அனுமதி வராவிட்டால் கடிதங்களை மட்டும் வைத்துத் தெரிவு செய்வோம். பரிசு புத்தகங்கள்தான், எந்தப் புத்தகம் என்பதை அந்த ஆசிரியரே அவருடைய வகுப்புக்காகத் தெரிவு செய்வார். கைகொடுத்த மூத்த ஆசிரியரும் மேடையில் பக்கத்தில் நிற்பார்.

கணக்கு மிஸ், கடிதங்களை அனுப்பும் உறையின் அளவைப் பற்றிக்கூட நேற்றுப் பேசினோம். பதிவுப் புத்தகத்தின் அட்டைக்குள் வைக்கக்கூடிய அளவாக இருக்கவேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார்.


பதிவு 20 · கணக்கு மிஸ் (வெள்ளவத்தை)

நன்றி. ஒரு கேள்வி. என்னோடு ஒரே நாளில் வந்தவர் என்று சொன்னேனே, அவருக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறேன். ஆனால் என்னைவிட அவரைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் எங்கள் பாடசாலைக் காவலாளி ஐயா. பள்ளி விட்ட பிறகு யார் எந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், யாருடைய பெற்றோர் வரும் வரைக்கும் யார் படியில் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். படிவத்தில் பெற்றோர், ஆசிரியர், அதிபர், மாணவர் என்று மட்டும்தான் இருக்கிறது. அவர் சொல்லலாமா?


பதிவு 21 · வெண்கட்டி (கொட்டாஞ்சேனை)

சொல்லலாம் மிஸ். படிவத்தை இன்றிரவே திருத்துகிறேன். ஐயாவுக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டுச் சொல்லுங்கள். குரல் பதிவு போடத் தெரியாவிட்டால் நான் கேற்றடிக்கு வந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன்.